நாற்பத்தொரு விநாடி அழுகை

அந்தப் பல் மருத்துவக் கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கொத்தனார் என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். ரப்பர் கிண்ணத்தில் பிளாஸ்டர் பொடியைத் தண்ணீர் விட்டுக் குழைக்கும்போது மற்றவர்களுக்குக் குமிழி குமிழியாகக் கிளம்பும். இவள் குழைத்தால் வழவழவென்று வெண்ணெய் போல வரும். முதல் வருடம் முதல் வாரமே ஆய்வகத்து அண்ணன் அவள் கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, உங்க வீட்ல யாராச்சும் கொத்தனாரா?" என்று கேட்டார். வகுப்பே கொல்லென்று சிரித்தது. பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. அப்பா பேருந்து ஓட்டுகிறார், அம்மா தையல் கடை வைத்திருக்கிறாள் என்று அவள் சொன்ன பதில் யார் காதிலும் விழவில்லை.

விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருந்தவளுக்கு ஜன்னல் என்று பெயர். எந்த அறைக்குள் நுழைந்தாலும் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றுதான் முதலில் பார்ப்பாள். பார்த்த கையோடு அங்கே போய் நின்று, போனை நீட்டி, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்புவாள். முதல் நாள் விடுதிக்கு முந்தி வந்து சேர்ந்தது கொத்தனார்தான். ஜன்னலோரக் கட்டிலில் பெட்டியை வைத்து விரிப்பைக்கூட விரித்துவிட்டாள். மத்தியானம் வந்த ஜன்னல், "எனக்கு வெளிச்சம் ரொம்ப முக்கியம். நாம மாத்திக்கலாமா?" என்று கேட்டாள். கேட்ட விதத்தில் இவளும் "அதுக்கென்ன" என்று சொல்லிவிட்டாள். அந்த "அதுக்கென்ன"வை நினைத்து நினைத்து ஒன்றரை வருடமாக அவளுக்கு வயிறெரிந்துகொண்டிருந்தது.

ஜன்னலுக்கு இணையத்தில் ஒரு பக்கம் இருந்தது. பல் மருத்துவம் படிக்கும் ஒருத்தி எப்படி எழுகிறாள், எப்படிப் படிக்கிறாள், என்ன பேனா வைத்திருக்கிறாள் என்பதையெல்லாம் அதில் தினமும் போடுவாள். தொண்ணூறாயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள். கொத்தனாருக்கும் ஒரு பக்கம் இருந்தது. அறுபத்து மூன்று பேர். அதில் பதினொரு பேர் சொந்தக்காரர்கள். ஒரு அத்தை, என்ன படம் என்றே பாராமல் எல்லாவற்றுக்கும் இதயக்குறி போடுவாள். தாத்தா இறந்த செய்திக்கும் போட்டாள்.

போன வருடம் மெழுகுக் கட்டியில் பல் செதுக்கும் பயிற்சி இருந்தது. கொத்தனார் மூன்று நாள் உட்கார்ந்து ஒரு கடைவாய்ப்பல் செதுக்கினாள். மேடு, பள்ளம், நடுவில் ஓடும் சின்னக் கோடு எல்லாம் அச்சாக அமைந்திருந்தன. துறைத் தலைவி அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அந்தம்மா தலையாட்டுவதே அபூர்வம். அன்று சாயங்காலம் ஜன்னல், "கொஞ்சம் குடேன்டி, ஒரு ஷாட் எடுத்துட்டுத் தரேன்" என்று அதை வாங்கிக்கொண்டாள். மறுநாள் வீடியோவில் அவளுடைய விரல்களுக்கிடையே அந்தப் பல் வெயிலில் தேன் நிறத்தில் மின்னியது. தான் செதுக்கியது என்று அவள் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கீழே ஒருத்தி எழுதியிருந்தாள்: "அக்கா, உங்க கைக்கு மோதிரம் போடணும்." கொத்தனார் அந்த வரியைப் பல நாள் படித்தாள். சாப்பிடும்போது, குளிக்கப் போகுமுன், வகுப்பில் பாடம் நடக்கும்போது மேசைக்குக் கீழே என்று திரும்பத் திரும்பப் போய்ப் படித்தாள்.

படிக்க விரும்பினாள் என்று சொல்ல முடியாது. கை தானாகப் போய்விடும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஜன்னலின் பக்கத்தைத் திறந்து எத்தனை பேர் கூடியிருக்கிறார்கள் என்று பார்ப்பாள். ஜன்னல் எதிர்க் கட்டிலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருப்பாள். இவள் இங்கே போனுக்குள் அவள் தலை வாருவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அங்கிருந்து வேறொருத்தி, அவளிடமிருந்து இன்னொருத்தி என்று போகும். எல்லாருக்கும் நல்ல தோல், நல்ல மதிப்பெண், நல்ல தோழிகள். ஒருநாள் போனே கணக்குச் சொன்னது, ஏழு மணி நேரம் நாற்பது நிமிடம் என்று. படிப்புக்கு வந்தவள் வேலைக்குப் போனவளைப் போல அந்தத் திரைக்கு உழைத்துக்கொண்டிருந்தாள். தலை கனத்தது. புத்தகத்தில் ஒரு பத்தியை மூன்று தடவை படித்தும் ஏறவில்லை. யாராவது பேசினால் பதில் சொல்லவே அலுப்பாக இருந்தது.

அம்மாவிடம் ஒருநாள் போனில் சொல்லிப் பார்த்தாள். "முடியலம்மா. சும்மாவே களைப்பா இருக்கு."

"எல்லாரும்தானடி படிக்கிறாங்க? சீக்கிரம் தூங்கு, சரியாயிடும்" என்றாள் அம்மா. மூச்சு விடாமல் அடுத்த வாக்கியமும் வந்தது. "உன் ரூம் பொண்ணு இன்னைக்கு ஏதோ கண்ணாடி பாத்துப் பல்லு விளக்குறது எப்படின்னு போட்டிருந்தா. பாத்தியா? எவ்ளோ தன்மையா பேசுறா!"

தையல் கடையில் மெஷின் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு அம்மா தினமும் ஜன்னலைப் பார்ப்பாள். தொண்ணூறாயிரத்தில் ஒருத்தி, இவளைப் பெற்றவள்.

இது நடந்து சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, இரண்டு பேரும் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். காற்று நன்றாக அடித்தது. படுக்கை விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடிக்கும்போது ஜன்னல் கேட்டாள், "என்னடி, மூஞ்சி செத்துப்போய் இருக்கு?"

ஏன் சொன்னாள் என்று கொத்தனாருக்கே தெரியாது. கேட்க ஆள் கிடைத்ததும் வாய் திறந்துகொண்டது. "நாள் முழுக்க யாரையோ பாத்துக்கிட்டே இருக்கேன்டி. சாயங்காலம் ஆனா நான்னு ஒருத்தி மிச்சமே இல்ல. தூங்கி எழுந்தாகூட, தூங்குனது வேற யாரோ மாதிரி இருக்கு. எனக்கு ஓய்வு வந்து சேரவே இல்ல."

ஜன்னல் கையில் துணிக் கிளிப்போடு அப்படியே நின்றாள். "ம்" என்றாள். விரிப்பை மடித்து முடித்தார்கள். அன்று கொத்தனாருக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியது போல இருந்தது. இவளைப் போய் இத்தனை நாள் மனதுக்குள் வைதோமே என்றுகூட நினைத்தாள்.

வியாழக்கிழமை காலை ஆய்வகம். மெழுகில் இருபத்தெட்டுப் பல்லையும் வரிசையாக நட்டுச் செயற்கைப் பல்செட்டின் மாதிரி செய்ய வேண்டும். கொத்தனார் மெழுகுக் கத்தியை ஸ்பிரிட் விளக்கில் காட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளை அங்கியின் பையில் போன் அதிர்ந்தது. ஜன்னல் புதிதாக ஏதோ போட்டிருந்தாள். ஆய்வகத்துக்கு அவள் வந்திருக்கவில்லை. தலைவலி என்று படுத்திருந்தாள். கொத்தனார் ஒரு கையால் போனை மேசைக்குக் கீழே பிடித்து, ஒரு காதில் மட்டும் இயர்போனைச் செருகிக்கொண்டாள்.

விடுதி மாடிப்படியில் ஜன்னல் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் பூச்சு இல்லை. தலை கலைந்திருந்தது. வெளிச்சமும் சரியில்லை. "நாள் முழுக்க யாரையோ பாத்துக்கிட்டே இருக்கேன்" என்று ஆரம்பித்தாள். "சாயங்காலம் ஆனா நான்னு ஒருத்தி மிச்சமே இல்ல." தூங்கியது வேறு யாரோ என்றாள். ஓய்வு வந்து சேரவில்லை என்று சொல்லும்போது குரல் உடைந்தது. அழுதாள். நாற்பத்தொரு விநாடி. முடிந்தது.

கத்தி சிவக்கக் காய்ந்துவிட்டிருந்தது. கொத்தனார் அதைக் கொண்டுபோய் மெழுகில் வைத்தாள். மெழுகு உருகி ஓட, முன்பல் இரண்டும் வாசற்படி இறங்குவது போலச் சாய்ந்தன.

மத்தியானத்துக்குள் இரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். "உங்களைப் பார்த்து அழுதுவிட்டேன்." "எங்க மனசைச் சொல்லிட்டீங்க." "என்ன ஒரு நேர்மை!" ஆய்வகத்து அண்ணன்கூட வந்து, "உன் ரூம் பொண்ணு அழுதுச்சாமே? என் வீட்டுக்காரி அனுப்பியிருக்கா. பாவம்மா, பாத்துக்கோ" என்றார். கொத்தனார் தலையாட்டினாள். அந்த ஜன்னலோரக் கட்டிலும், வாரிய கூந்தலும், தொண்ணூறாயிரமும் எப்படியோ போகட்டும். தனக்கென்று சொந்தமாக இருந்தது இந்தக் களைப்பு ஒன்றுதான். அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாளே என்று நெஞ்சு காந்தியது.

அப்போதுதான் அம்மாவின் செய்தி வந்தது. அந்த வீடியோவையே அனுப்பியிருந்தாள். கீழே எழுதியிருந்தது: "பாத்துட்டு அழுகையே வந்துடுச்சு. இந்தப் புள்ளைக்குள்ள இவ்ளோ கஷ்டமா? பக்கத்துலயே இருந்து நல்லா பாத்துக்கோ."

கொத்தனார் போனைப் பைக்குள் போட்டாள். எழுத வந்ததையெல்லாம் அம்மாவுக்கு அனுப்ப முடியாது.

சாயங்காலம் அறைக்குப் போனபோது ஜன்னல் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். போன் குப்புறக் கிடந்தது. கேட்டுவிட வேண்டும் என்றுதான் இவள் படியேறி வந்தாள். ஜன்னலே, "கோவமா?" என்றாள்.

"எதுக்கு?"

"ஒண்ணுமில்ல."

கேட்கலாம் என்று வாயெடுத்தாள். என்னவென்று கேட்பது? என் களைப்பைத் திருப்பிக் கொடு என்றா? கொத்தனார் எதிர்க் கட்டிலில் உட்கார்ந்து, பழக்கத்தில், அன்றைய கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். சாய்ந்துபோன பல்வரிசையைத் துறைத் தலைவி கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்ததையும், "இந்த நோயாளி சிரிச்சா எதிர்ல இருக்கிறவன் ஒதுங்கி வழிவிடுவான்" என்று சொன்னதையும் அந்தம்மாவின் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். பிஸ்கட் ஒன்றை வாய்க்குக் கொண்டுபோன ஜன்னல் அப்படியே வெடித்துச் சிரித்துவிட்டாள். வாய் திறந்து, கண் மூடி, பிஸ்கட் தூள் பறக்கச் சிரித்தாள். கொத்தனாரின் கை தானாகப் போனைத் தூக்கிப் படம் எடுத்தது.

"ஏய், மூஞ்சி கேவலமா இருக்கும். அழிச்சிடு."

"சரி சரி."

அந்த நிமிடம் வரை அவள் மனதில் ஒரு திட்டமும் இல்லை. முகம் கழுவப் போன இடத்தில், குழாயடியில் நிற்கும்போது அம்மாவின் இரண்டாவது செய்தி வந்தது. "அவ ஏதாச்சும் சாப்பிட்டாளா? நீ ஊட்டியாச்சும் விடு." ஊட்டிவிடு! போன மாதம் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தபோது இவளுக்கு வந்தது "மாத்திரை போட்டியா" என்ற ஒற்றை வரி. தண்ணீர் வழியும் முகத்தோடு கொத்தனார் பெயரில்லாத புதுக் கணக்கு ஒன்றைத் தொடங்கினாள். கல்லூரிப் பிள்ளைகள் வம்பு பேசுவதற்கென்றே ஒரு பக்கம் இருந்தது. அந்தப் படத்தை அங்கே போட்டு, மேலே ஒரு வரி எழுதினாள்: "காலையில் அழுகை, மாலையில் பிஸ்கட்."

அவள் குழாயை மூடுவதற்குள் நாற்பது பேர் சிரித்துவிட்டார்கள். இரவுச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் நாலாயிரம்.

வாழ்நாளில் அவள் போட்ட எதுவும் ஒன்பது இதயக்குறியைத் தாண்டியதில்லை. இப்போது எண்ணிக்கை ஓடுவதைப் பார்க்கப் பார்க்க உடம்பெல்லாம் ஒரு சுறுசுறுப்பு. களைப்பு போன இடம் தெரியவில்லை. மறுநாள் வகுப்பில் அவளுக்கு ஒரு வார்த்தையும் ஏறவில்லை. மேசைக்குக் கீழே போனைப் பிடித்துக்கொண்டு புதுப்பித்துக்கொண்டே இருந்தாள். முதலில் கேலி செய்தார்கள். பிறகு "நடிகை" என்றார்கள். பிறகு அவளுடைய மூக்கைச் சொன்னார்கள், வீட்டைச் சொன்னார்கள், பெண் பிள்ளையைப் பற்றி என்னென்ன சொல்ல முடியுமோ அத்தனையும் சொன்னார்கள். யாரோ ஒருவர், "உண்மையாகவே களைத்துப்போனவர்களுக்கு இவள் செய்தது அவமானம்" என்று எழுதியிருந்தார். கொத்தனார் அதற்கு மட்டும் ஒரு இதயக்குறி போட்டாள்.

இரண்டாம் நாள் மத்தியானம் வேறொரு எரிச்சல் தொடங்கியது. இத்தனை ஆயிரம் பேர் பேசுகிறார்கள். பேச்செல்லாம் ஜன்னலைப் பற்றித்தான். படத்தை எடுத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. திட்டுகூட அவளுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. தான் ஊதிவிட்ட நெருப்பிலும் வெளிச்சம் அவள் மேலேயே விழுகிறது என்று நினைத்தபோது, இப்படியும் ஒருத்திக்குத் தோன்றுமா என்று கொத்தனாருக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் பொறாமை நின்றபாடில்லை.

ஜன்னல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். மூன்று நாள் ஆய்வகத்துக்கும் வரவில்லை, சாப்பாட்டுக் கூடத்துக்கும் வரவில்லை. தட்டில் கொண்டுவந்து வைத்தால் "அப்புறம்" என்பாள். வைத்தது வைத்தபடி இருக்கும். குப்புறக் கிடந்த போன் மட்டும் மேசைமேல் வண்டு மாதிரி உறுமிக்கொண்டே இருக்கும். ஒரு தடவை அது நகர்ந்து நகர்ந்து கீழே விழுந்தது. எடுத்து வைக்கப் போன கொத்தனார் திரையைப் பார்த்தாள். திட்டுகள் ஒரு பக்கம் இருக்கட்டும், நடுநடுவே முன்பின் தெரியாத பிள்ளைகள், "எனக்கும் இப்படித்தான் இருக்கு அக்கா, என்ன செய்றது?" என்று கேட்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கில். சிலருக்கு ஜன்னல் பதில் எழுதியிருந்தாள். கடைசிப் பதில், அந்தப் படம் வெளியாவதற்கு ஒரு மணி நேரம் முன்பு எழுதியது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜன்னலின் அக்கா வந்தாள். மருத்துவமனையில் நர்ஸ். இரவு வேலை முடித்த சீருடையோடே நேராக வந்திருந்தாள். பேச்சுக் குறைவு, கை வேகம். பத்து நிமிடத்தில் தங்கையின் துணியையெல்லாம் மடித்துப் பைக்குள் வைத்தாள். அப்புறம் கொத்தனாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீ ஒருத்திதான்மா இவளுக்கு இங்க துணை. ஒவ்வொரு போன்லயும் உன்னப் பத்தித்தான் சொல்லுவா. கொத்தனார் கை மாதிரி எனக்கு வரலக்கான்னு புலம்புவா."

கட்டில் ஓரத்தில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஜன்னல் நிமிராமலே சொன்னாள்:

"அவ நல்லா போட்டோகூட எடுப்பாக்கா."

அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்படியா?" என்று சிரித்துவிட்டுப் பையைத் தூக்கினாள். படியிறங்கும் சத்தம் தேய்ந்து மறைந்தது. எதிர்க் கட்டிலில் யார் உட்கார்ந்திருந்தார்கள், யார் படம் எடுத்தார்கள் என்பது ஜன்னலுக்கு முதல் நிமிடத்திலேயே தெரிந்திருக்கிறது. நாலு நாள் ஒரே அறையில், ஒரே காற்றில், அவள் அதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள்.

கொத்தனார் படத்தை அழித்தாள். அழித்து என்ன? அதற்குள் அது நூறு இடத்தில் இருந்தது. பிறகு தன் சொந்தப் பக்கத்தில், சொந்தப் பெயரில் எழுத உட்கார்ந்தாள். "அந்தப் படத்தை எடுத்ததும் நான்தான், போட்டதும் நான்தான். அவள் சிரித்தது நான் சிரிக்க வைத்ததால்." இதோடு நிற்கவில்லை, "ஆனால் அந்த வீடியோவில் அவள் சொன்னதெல்லாம் என்னுடைய" என்று கை ஓடியது. பாதியில் நிறுத்திப் படித்துப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்க வந்த இடத்திலும் வழக்காட நிற்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. பின்வரியை அழித்துவிட்டு முன்வரியை மட்டும் போட்டாள். மொத்தம் நூற்று நாற்பது பேர் பார்த்தார்கள். அத்தை இதயக்குறி போட்டாள்.

வகுப்புக்கு அது போதுமானதாக இருந்தது. பக்கத்து மேசைக்காரி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தாள். விடுதிப் பொறுப்பாளர் கூப்பிட்டு விசாரித்தார். சில வாரம் கழித்து, மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு இரண்டு வாரம் கல்லூரிப் பக்கம் வர வேண்டாம் என்றார்கள். அவள் வீட்டுக்குப் போனாள்.

அம்மாவுக்கு விஷயம் தெரிந்திருந்தது. கடையில் மெஷினை ஓட்டிக்கொண்டே, "உனக்கு ஏன்டி இந்த புத்தி? அந்தப் பொண்ணு உனக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு?" என்றாள்.

கொத்தனார் துணி வெட்டும் மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். "அந்த வீடியோல அவ பேசுனது நான் பேசுனதும்மா."

"என்ன உளர்ற?"

"ஒவ்வொரு வார்த்தையும். மொட்டை மாடியில நான் அவகிட்ட சொன்னது. எனக்குத்தான் அப்படி இருக்கு. நீ பாத்து அழுதது என்னை."

மெஷின் நின்றது. அம்மா ஊசிக்குக் கீழே கிடந்த துணியையே பார்த்தாள். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேன்மா. முடியல, களைப்பா இருக்குன்னு. எல்லாரும்தான படிக்கிறாங்கன்னு சொன்ன. அடுத்த பேச்சே அவளோட வீடியோ பாத்தியான்னு கேட்ட."

அம்மா துணியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த நூலை இழுத்து அறுத்தாள். பிறகு மெதுவாக, "அவ அழுதாடி" என்றாள். "நீ, சாப்டியான்னு கேட்டா சாப்டேன்னு சொல்ற மாதிரி சொன்ன. எனக்கு எப்படித் தெரியும்?"

அதில் நியாயம் இருந்தது. இருந்தும் மனம் ஆறவில்லை. அம்மா எழுந்து வந்து அவள் கன்னத்தைத் தொட்டாள். விரலில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது. "இளைச்சுத்தான் போயிருக்க" என்றாள், இப்போதுதான் பார்ப்பவள் போல. அன்று மத்தியானம் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, துணி மூட்டைமேல் அவளைப் படுக்க வைத்தாள். போனை வாங்கி அலமாரியில் வைத்தாள். கொத்தனார் அடித்துப் போட்டது போலத் தூங்கினாள். நான்கு மணி நேரம் கழித்து எழுந்தபோது அம்மா காபியை நீட்டிக்கொண்டே கேட்டாள்:

"அந்தப் பொண்ணு இப்ப எப்படி இருக்காம்?"

தொண்டைக்குள் சூடாக ஏதோ இறங்கியது. காபி மட்டும் இல்லை. "இப்பவும் அவளத்தான் கேக்குற இல்ல?" என்றாள். அம்மா பதறிப்போய், "இல்லடி, சும்மா..." என்று இழுத்தாள். கொத்தனார் தம்ளரை வைத்துவிட்டாள். கோபத்தில் எழுந்தவளுக்கு, அந்தக் கேள்விக்குத் தன்னிடம் பதில் இல்லை என்பது வாசலுக்கு வந்தபிறகுதான் உறைத்தது.

மறுநாள் காலை இரண்டு பேருந்து மாறி ஜன்னலின் அக்கா வீட்டைத் தேடிப் போனாள். நான்காவது மாடி. மின்தூக்கி பழுது. மூச்சிரைக்கக் கதவைத் தட்டினாள். திறந்தது ஜன்னல்தான். தலையில் எண்ணெய், உடம்பில் அக்காவின் தொளதொளத்த சட்டை. கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த கருமை குறைந்திருந்தது.

"உள்ள வா" என்று அவள் சொல்லவில்லை. கதவை விட்டு விலகவும் இல்லை. கொத்தனார் வெளியே நின்றபடியே சொன்னாள். "மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"பாத்தேன். உன் பக்கத்துல எழுதியிருந்தத. அக்கா காட்டுனா. எங்கிட்ட இப்ப போன் இல்ல."

"இல்லையா?"

"அக்கா தூக்கிப் போட்டிருந்த பழைய பட்டன் போன்தான். ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிடுவா, சாப்டியான்னு கேப்பா. அவ்ளோதான்." கொஞ்சம் நிறுத்தி, "நீ மாடியில சொன்னதை எடுத்தேன். உன்னக் கேட்டிருக்கணும்" என்றாள்.

"ஏன் கேக்கல?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவ. எனக்கு ரெண்டு வருஷமா அப்படித்தான்டி இருந்துச்சு. என்னன்னு சொல்ல வார்த்தை இல்ல. நீ விரிப்ப மடிச்சுக்கிட்டே சாதாரணமா சொல்லிட்டுப் போயிட்ட. அட, இதுதான் எனக்கும்னு இருந்துச்சு. நாலு நாள் அது தலைக்குள்ளேயே சுத்திச்சு. அழுதது நடிப்பு இல்ல. ஆனா அழுகை வருதுன்னதும் போனத் தேடுனேன் பாரு, அது..." அவள் முடிக்கவில்லை. கதவின் தாழ்ப்பாளை நகர்த்திக்கொண்டிருந்தாள். "நீ போட்டது அதவிடக் கேவலம்."

"ஆமா."

"என்னைச் சிரிக்க வெச்சதே அதுக்குத்தானோன்னு நினைச்சேன். அந்த ஒண்ணுதான் தாங்க முடியல."

"இல்லடி. சத்தியமா இல்ல. அது சும்மா சொன்ன கதை. அப்புறம்தான்..." கொத்தனாருக்குக் கண் நிறைந்துவிட்டது. "எனக்கு உம்மேல பொறாமை. முதல் நாள்ல இருந்தே. கட்டில்ல இருந்து ஆரம்பிச்சு எல்லாத்துக்கும். எங்கம்மாகூட உன்னைத்தான் பாக்குறா."

ஜன்னல் அவளை உற்றுப் பார்த்தாள். "நீ பல்லு நட்டா மேடம் பேசாம நின்னு பாப்பாங்க. என்னோடத ஒருநாளாவது அப்படிப் பாத்திருக்காங்களா? நான் என்னத்துக்கு அந்தப் பல்ல உங்கிட்ட வாங்கி வாங்கிக் காட்டுனேன்?"

கொத்தனாருக்கு அது சந்தோஷமாக இருந்தது. இந்த நேரத்திலும் சந்தோஷமாக இருக்கிறதே என்று கூச்சமாகவும் இருந்தது. உள்ளே குக்கர் சத்தம் கேட்டது. ஜன்னல் போய் அடுப்பை அணைத்துவிட்டு ஒரு தம்ளர் தண்ணீரோடு திரும்பி வந்தாள். வாசலிலேயே நின்று குடிக்க வேண்டியிருந்தது.

"நல்லா தூங்குறியா?"

"ஒன்பது மணி நேரம். மத்தியானம் வேற."

சுருக்கென்று குத்தியது. இவளுக்கு, கடையில் துணி மூட்டைமேல் தூங்கிய நான்கு மணி நேரத்தோடு சரி. மறுபடியும் அலமாரியில் இருந்து போனை எடுத்துவிட்டாள். முகத்தில் பொறாமை தெரிந்திருக்க வேண்டும்.

"இதுக்குமா?" என்றாள் ஜன்னல்.

"ம்."

"உன்னைத் திருத்த முடியாதுடி." சிரிக்காமல்தான் சொன்னாள். ஆனாலும் பல நாளைக்குப் பிறகு அந்த "டி" பழைய மாதிரி இருந்தது.

"திரும்ப வருவியா?"

"வருவேன். காலேஜுக்கு நீண்ட லீவு எழுதிக் குடுத்துட்டேன். இந்த வருஷம் போச்சு, ஜூனியர் பசங்களோடதான் உக்காரணும். ஆனா உன் ரூமுக்கு வரமாட்டேன். அதை இப்பவே சொல்லிடறேன்."

"சரி."

"அம்மாகிட்ட சொல்லு, நான் நல்லா இருக்கேன்னு."

கொத்தனார் நான்கு மாடியும் இறங்கி வந்தாள். பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் கை பைக்குள் போனது. ஜன்னலின் பக்கத்தைத் தேடினாள். அப்படி ஒரு கணக்கே இல்லை என்று வந்தது. இரண்டு தடவை தேடினாள். பிறகு அம்மாவைக் கூப்பிட்டாள்.

"நல்லா இருக்காளாம்மா. உங்கிட்ட சொல்லச் சொன்னா."

"அப்பாடா" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு அவசரமாக, யாரோ பின்னாலிருந்து தட்டியது போல, "நீ? நீ எப்படிடி இருக்க?" என்றாள்.

சாதாரணமாகச் சொன்னால் இந்த அம்மாவுக்குப் புரியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தாலும் பரவாயில்லை என்று, "நல்லா இல்லம்மா" என்று சொல்லிவிட்டு, கொத்தனார் அந்தப் பேருந்திலேயே வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.